20 அடி டவர் ஷெல்டர் சேதராப்பட்டுலருந்து புதுச்சத்திரம் வரணும், எப்படி இறக்கறது?

எறா_பண்ணை:
வணக்கம். கடலூர் பக்கம் புதுச்சத்திரத்துல இருக்கற எறா (இறால்) பண்ணையில இன்வெர்ட்டர், பேனல் போர்டு, பேட்டரி எல்லாம் வைக்க ஒரு ரூம் வேணும், தரையோட கட்டினா ஐப்பசி கார்த்திகையில தண்ணி ஏறிடும், அதனால பழைய மொபைல் டவர் ஷெல்டர் (டவர் கருவிங்க வைக்கற பொட்டி ரூம்) ஒண்ணு புதுச்சேரி சேதராப்பட்டுல பாத்து பேசி முடிச்சிருக்கேன். 20 அடிக்கு 8 அடி, உயரம் எட்டரை அடி, பஃப் பேனல் (நடுவுல ஃபோம் வச்ச தகடு) சுவர், அடியில இரும்பு சேனல் ஃபிரேம். ரெண்டரை டன்தான் இருக்கும்னு விக்கறவர் சொல்றார். இங்க மூணடி உயரத்துக்கு ஆறு கான்கிரீட் பெடஸ்டல் (குட்டைத் தூண்) போட்டாச்சு. உள்ள வர்ற கரை 12 அடி அகலம், பெடஸ்டல் கிட்ட மட்டும் ஒரு 40 அடி காலி இடம் இருக்கு. 14 டன் ஹைட்ரா (டயர்ல ஓடற கிரேன்) தாராளம்ங்கறாங்க சிலர். இன்னொருத்தர் ஹைட்ராவே தேவையில்ல, லாரியிலருந்து பைப் உருட்டி தள்ளி இறக்கிடலாம்ங்கறார். எது பத்திரம்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

டவர்_வில்லியனூர்:
பைப் உருட்டறது வேணாம் அண்ணே. லாரி மேடை நாலரை அடி, உங்க பெடஸ்டல் மூணடி, நடுவுல சரிவு வரும், ரெண்டரை டன் ஒரு தடவ உருள ஆரம்பிச்சா எத்தன பேர் கயிறு புடிச்சாலும் நிக்காது. ஆள் காலி ஆயிடும்.

எடைய வாய் வார்த்தையில நம்பாதீங்க. காலி ஷெல்டரா, உள்ள ரேக் ஏசி இருக்கான்னு கதவ தொறந்து பாருங்க. பேட்டரி பேங்க் உள்ள இருந்தா எல்லாத்தையும் கழட்டி வேற வண்டியில ஏத்துங்க, ஏன்னா பேட்டரி ஒரு மூலையில குவிஞ்சிருந்தா தூக்கும்போது அந்தப் பக்கம் சாயும். லாரியில ஏத்தினதும் அங்கயே எடை மேடையில ஒரு சீட்டு போட்டு வாங்கிடுங்க, அந்த சீட்ட ஹைட்ராக்காரர்கிட்ட காட்டுங்க.

அப்புறம் தூக்கற பெல்ட்ட எங்க மாட்டறதுன்றது ரொம்ப முக்கியம். கூரை மூலையில தூக்கற கொக்கி இருந்தா வெல்டிங் துருப்பிடிச்சிருக்கான்னு பெயின்ட்ட சுரண்டி பாருங்க. கொக்கி இல்லன்னா அடி சேனல்லதான் மாட்டணும், ஆனா அப்படி மாட்டி நேரா மேல இழுத்தா பெல்ட் கூரை ஓரத்த நசுக்கிடும், பஃப் பேனல் தாங்காது, மேல ஸ்ப்ரெடர் பீம் (பெல்ட்ட விரிச்சு புடிக்கற இரும்பு பீம்) கட்டாயம் வேணும்.

ஹைட்ரா_ஓடி:
நான் கடலூர் ஓடி (ஓல்ட் டவுன்) பக்கம் ஹைட்ரா ஓட்டறேன். 14 டன்னு எழுதியிருக்கறது பூம (கிரேனோட நீளற கைய) உள்ள இழுத்து வண்டிக்கு ஒட்டி தூக்கும்போது மட்டும்தான். பூம் நீள நீள அது மளமளன்னு கொறையும். உங்க கணக்க பாருங்க, லாரி மேடை நாலரை அடி, ஷெல்டர் எட்டரை, மொத்தம் 13 அடி. நாலு மூலைக்கும் கூரை மட்டத்துலருந்து 60 டிகிரி கோணத்துல பெல்ட் போட்டா ஒவ்வொண்ணும் 21 அடிக்கு மேல, கொக்கி தரையிலருந்து 32 அடியில நிக்கணும். 45 டிகிரியில போட்டா 15 அடி பெல்ட் போதும், 25 அடி உயரத்துல வேலை முடியும், ஆனா பெல்ட்டுல இழுப்பு கூடும். நாலு பெல்ட் போட்டாலும் இந்த மாதிரி வளையாத பொட்டியில ரெண்டு பெல்ட்தான் முழு எடையையும் தாங்குதுன்னு வச்சு கணக்கு போடணும், அப்படி பாத்தா 45 டிகிரியில ஒரு பெல்ட்டுக்கு ஒண்ணேமுக்கால் டன் வரும், 30 டிகிரிக்கு எறங்கினா ரெண்டரை டன் முழுசும் ஒரு பெல்ட்டுலயே. அதனால டேக் (எத்தன டன் தாங்கும்னு போட்ட லேபிள்) கிழியாத 3 டன் பெல்ட்டா கேளுங்க, பூம் எவ்வளவு நீண்டா எவ்வளவு தூக்கும்னு இருக்கற பூம் சார்ட்ட ஆபரேட்டர காட்டச் சொல்லுங்க.

இறக்கற விதம் சொல்றேன். லாரிய பெடஸ்டல் பக்கத்துல நிறுத்தி கயிறெல்லாம் அவுத்துட்டு டிரைவர கேபின்ல இருந்து இறங்கச் சொல்லிடுங்க. அரை அடி மட்டும் தூக்கி அப்படியே நிறுத்தி, சாயுதான்னு பாக்கணும், சாஞ்சா திரும்ப வச்சு பெல்ட்ட சரி பண்ணணும். மட்டமா நின்னா இன்னும் கொஞ்சம் தூக்கி லாரிய வெளிய எடுத்துடணும். ஹைட்ரா பொட்டிய தூக்கிக்கிட்டு வளைஞ்சு திரியக்கூடாது, பெடஸ்டல் மட்டத்துக்கு எறக்கிட்டு நேரா நாலஞ்சு அடி முன்னாடி நகர்ந்தா போதும், அதுக்கு ஏத்த மாதிரி லாரி நிக்கற எடத்த முதல் நாளே சுண்ணாம்புல கோடு போட்டு வைங்க. முன் டயர்லதான் மொத்த பாரமும் எறங்கும், எறா குட்டை கரை மண்ணு நசநசன்னு இருக்கும், டயருக்கு அடியில இரும்பு பிளேட் போடாம ஏறவே மாட்டேன்னு ஆபரேட்டர் சொன்னா அவர்தான் சரியான ஆள். கரை ஓரத்துலருந்து எவ்வளவு தள்ளி நிக்க முடியுமோ அவ்வளவு தள்ளி.

காலையில எட்டு மணிக்குள்ள தூக்கிடுங்க. மதியத்துக்கு மேல கடக்காத்து ஏறிடும், மணிக்கு 36 கிலோமீட்டர் காத்துன்னாலே இந்த சைஸ் பக்கவாட்ட கிட்டத்தட்ட 100 கிலோ விசையில தள்ளும். ரெண்டு மூலையில நீள கயிறு கட்டி தூரத்துலருந்தே புடிக்கணும், கைய வச்சு தள்ளக்கூடாது.

லாரி_தவளக்குப்பம்:
கடலூர் ரோட்ல தினம் போறவன் சொல்றேன். மெயின் ரோட்ல 13 அடிக்கு பிரச்சனை வராது, ஊருக்குள்ள திரும்பின பிறகுதான் தலைவலி, வீட்டு சர்வீஸ் ஒயர் தொங்கும், கேபிள் டிவி ஒயர் அதவிட கீழ. முதல் நாள் பைக்ல போய் 14 அடி மூங்கில வச்சு ஒவ்வொரு எடமா பாத்துடுங்க. ஒயர்ல தொடாதீங்க, தூரமா நிறுத்திப் பாருங்க. இறக்கற எடத்து மேல 11 கேவி லைன் போச்சுன்னா ஈபி செக்‌ஷன் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து சப்ளை ஆஃப் பண்ணாம பூம தூக்கவே கூடாது.

கட்டறதுக்கு வெறும் கயிறு பத்தாது, ராட்செட் பெல்ட். திடீர்னு பிரேக் அடிச்சா எடையில 80 சதவீதம் வரை முன்னாடி தள்ளும், வளைவுல பாதி எடை பக்கவாட்டுல. அடியில ரப்பர் மேட், முன்னாடி கட்டை முட்டு, பெல்ட் படற ஓரத்துல தகடு. அரியாங்குப்பம் தாண்டினதும் நிறுத்தி பெல்ட்ட ஒருக்கா இறுக்குங்க, கண்டிப்பா தளர்ந்திருக்கும். மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேலன்னா மாநிலம் தாண்டறதால இ-வே பில் (சரக்கு கொண்டு போற ஜிஎஸ்டி சீட்டு) வேணும், எல்லையில முள்ளோடை வந்து தேடாதீங்க.

எறா_பண்ணை:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஓடி அண்ணே, பெடஸ்டல் மேல வச்சுட்டு போல்ட்ட அப்புறமா போட்டுக்கலாமா? வெல்டர் அடுத்த வாரம்தான் வர்றார்.

ஹைட்ரா_ஓடி:
வேணாம் தம்பி. வெல்டர் வர்ற நாளுக்கு ஹைட்ராவ மாத்திக்கங்க. 2011 டிசம்பர் 30, 'தானே' புயல்ல நம்ம பக்கம் 140 கிலோமீட்டர் வேகத்துல அடிச்சுது, காலி ஷெல்டர் சும்மா உக்காந்திருந்தா அந்த காத்துக்கு பொரண்டுடும். வைக்கும்போதே ஆறு பெடஸ்டலும் ஒரே மட்டமான்னு தண்ணி டியூப் வச்சு பாருங்க, ஒண்ணு அரை இஞ்ச் எறங்கியிருந்தாலும் ஃபிரேம் முறுக்கிக்கிட்டு கதவு மூடாது. தகடு வச்சு மட்டம் பண்ணி, ஹைட்ரா கொக்கி கழட்டறதுக்கு முன்னாடியே நாலு மூலை போல்ட்டயும் போட்டுடுங்க.