கட்டுரைல வாதம் எங்க இடிக்குதுன்னு பசங்களுக்கு எப்படி காட்டறது?

பாலக்கோடு_டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. பாலக்கோடு பக்கம் ப்ளஸ் ஒன்னுக்கு தமிழ் எடுக்கறேன். கட்டுரைப் போட்டிக்கு பசங்கள தயார் பண்றோம், தலைப்பு, பல்லுல கறை போட்டு எலும்ப கெடுக்குற ஃப்ளோரைடு கலந்த போர் தண்ணிக்கு பதிலா காவிரித் தண்ணி குடுக்குற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தால நம்ம மாவட்டத்துக்கு பயனா இல்லையான்னு, ஏதாவது ஒரு பக்கம் நின்னு வாதாடணும். நடை எல்லாம் பிரமாதமா இருக்கு, குறள் போடறாங்க அடுக்குமொழி போடறாங்க, ஆனா படிச்சு முடிச்சா எங்கயோ இடிக்குது, எதுன்னு விரல் வச்சு காட்ட முடியல. ஒரு பொண்ணு எழுதினது: "திட்டம் 2013ல வந்தது, எங்க அத்தை பல்லுல கறை இன்னும் அப்படியே இருக்கு, அதனால இந்தத் தண்ணியால ஒரு பயனும் இல்லை." இன்னொரு பையன் எதிர்ப் பக்கம்: "ஒன்று காவிரித் தண்ணீர், இல்லையேல் வளைந்த எலும்பு." நெட்ல தேடினா வாதப் பிழைகளுக்கு முப்பது நாப்பது பேரு வச்ச லிஸ்ட் வருது. அத உருப்போட வைக்கறதா? வேற வழி சொல்லுங்க.

தொப்பூர்_கணவாய்:
லிஸ்ட் வேணாம் டீச்சர், லிஸ்ட் குடுத்தா பரீட்சைக்கு ஒப்பிச்சுட்டு மறந்துடுவாங்க. நான் பட்டிமன்றத்துக்கு காலேஜ் பசங்கள பழக்கறப்ப ஒண்ணே ஒண்ணுதான் செய்ய சொல்றது, அலங்காரத்த எல்லாம் உரிச்சுட்டு "நான் சொல்றது இது, காரணம் இது"ன்னு ரெண்டு வரில எழுது, அப்புறம் அந்த ரெண்டுக்கும் நடுவுல நீ சொல்லாம தாண்டிப் போன வரிய எழுது. முக்கால்வாசி தப்பு அந்த சொல்லாத வரிலதான் ஒளிஞ்சிருக்கும்.

அத்தை கதையவே எடுங்க. சொல்லாத வரி என்ன? "நல்ல தண்ணி குடிச்சா பழைய கறை போயிடும்." அது தப்பு. ஃப்ளோரைடு கறைங்கறது சின்ன வயசுல ஈறுக்குள்ள பல்லு உருவாகறப்பவே விழறது, சுமார் எட்டு வயசுக்குள்ள, முளைச்ச பல்லுல ஏறினது தண்ணிய மாத்தினா போகாது. அப்ப அத்தை பல்ல வச்சு திட்டத்த எடை போடவே முடியாது. திட்டம் வந்ததுக்கு அப்புறம் பொறந்த குழந்தைங்க, அதுலயும் நெஜமாவே அந்தத் தண்ணிதான் குடிக்குற வீட்டுக் குழந்தைங்க பல்ல பாக்கணும், ஏன்னா குழாய்ல ஆத்துத் தண்ணி வந்தாலும் சோறாக்க போர் தண்ணி எடுக்குற வீடு இருக்கும் இல்லீங்களா. அதுவும் ஒரு அத்தை போதாது, ஒரு ஊரே வேணும்.

ஆனா அந்தப் பொண்ண திட்டாதீங்க, கண்ணால பாத்தத எழுதியிருக்கா, அது நல்ல பழக்கம்.

அரூர்க்காரன்:
பையன் எழுதினதுல சொல்லாத வரி "மூணாவது வழியே கிடையாது". இருக்கே. மழைநீர் சேமிப்பு இருக்கு, படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு ஃப்ளோரைட இறக்குற நல்கொண்டா முறை இருக்கு, ஏரிப்பாசன ஊர்ல வேற கணக்கு. அப்புறம் எல்லா போர் தண்ணியும் ஒரே தண்ணி இல்ல சார், ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்ங்கறது அனுமதிச்ச உச்ச அளவு, தண்ணில இருக்குற அளவு பாறைய பொறுத்து பக்கத்து பக்கத்து ஊருக்கே மாறும். எலும்பு வளையறது ரொம்ப அதிக அளவ வருசக்கணக்கா குடிச்சா வர்றது. அவன் எழுதினத படிச்சா நேத்து குடிச்சு இன்னிக்கு வளைஞ்ச மாதிரி இருக்கு.

திட்டம் பயன்னு வாதாடறவங்க இன்னொரு எடத்துலயும் சறுக்குவாங்க. "திட்டம் வந்துச்சு, அப்புறம் எங்க ஊர்ல கறை கொறைஞ்சுது"ன்னு மட்டும் சொன்னா காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதை. நடுவுல என்ன நடந்துச்சுன்னு காட்டணும், தண்ணி மாறினதால ஃப்ளோரைடு கொறைஞ்சுது, தண்ணி மாறாத பக்கத்து ஊர்ல கொறையலன்னு.

சந்தூர்_மாங்கா:
டீச்சர் உங்க சப்ஜெக்ட்லயே இருக்கே! மணிமேகலை 29ஆம் காதைல அறவண அடிகள்ங்கற பௌத்தத் துறவி காஞ்சில மணிமேகலைக்கு இதத்தான் பாடம் எடுக்கறார். பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலின்னு மூணா பிரிப்பார், அதாவது சொல்ல வர்றதே ஓட்டை, காரணம் ஓட்டை, காட்டுற உதாரணம் ஓட்டை. தன் சொல்லயே மறுக்குறதுக்கு அவர் சொல்ற உதாரணம் "என் தாய் மலடி". இத போர்டுல எழுதுங்க, கிளாஸே சிரிக்கும், மறக்காது. அத்தை பல்லு திட்டாந்தப்போலி மாதிரி தெரியுது, ஆனா தொப்பூரார் சொன்னபடி பாத்தா காரணமே ஒட்டல, அப்ப ஏதுப்போலி பக்கம்தான் போகும். பசங்கள இதுக்கு சண்ட போட விடுங்க.

ஹோசூர்_ஷிப்ட்:
கொஞ்சம் எதிர்த்து சொல்லிக்கறேன், கோச்சுக்காதீங்க. பேரு சொல்லிக் குடுத்ததும் பசங்க அடுத்தவன் கட்டுரைல போலி புடிக்கறதே வேலையா திரிவானுங்க, "நீ ஆள தாக்குற, அதனால நீ தோத்த"ன்னு. காரணம் தப்பா இருந்தா முடிவும் தப்புன்னு ஆகாது, அந்தப் பொண்ணு காரணம் தப்பு, ஆனா அவ தெருவுல திட்டம் நெஜமாவே உதவாம இருந்திருக்கலாம். ஆள பத்தி பேசறதும் எப்பவும் தப்பு இல்ல. கேன் தண்ணி ஏஜென்சி வச்சிருக்கறவரு திட்டம் வேஸ்ட்னு சொன்னா அவருக்கு என்ன லாபம்னு கேக்கறது நியாயம். அவரு சொல்றதாலயே அது பொய்யின்னு முடிக்கறதுதான் தப்பு.

தொப்பூர்_கணவாய்:
ஷிப்ட் தம்பி சொல்றது சரி. ஒரு தடவ ஒருத்தன் "எப்பொருள் யார்யார்வாய்" குறள போட்டுட்டு "வள்ளுவரே சொல்லிவிட்டார், இதற்கு மேல் விவாதம் தேவையில்லை"ன்னு முடிச்சான். மார்க் போடறதா அழறதான்னு தெரியல.

பாலக்கோடு_டீச்சர்:
ஹா ஹா, என்கிட்டயும் அந்த மாதிரி ரெண்டு பேப்பர் இருக்கு. நாளைக்கே சொல்லாத வரி பயிற்சி குடுக்கறேன். ஒரு சந்தேகம், எதிர்ப்பக்கத்து வாதத்த கட்டுரைல சேக்க சொல்லலாமா? சேத்தா "எதிர்ப்பவர்கள் வளர்ச்சிக்கு எதிரிகள்"னு எழுதி வைக்கறாங்க.

அரூர்க்காரன்:
கண்டிப்பா சேக்கணும் மேடம். ஆனா எழுதினத எதிர்ப்பக்கம் நிக்குற பையன்கிட்ட குடுங்க, அவன் படிச்சுட்டு "ஆமா நான் சொல்றது இதேதான்"னு ஒத்துக்கிட்டா மட்டும் அதுக்கு பதில் எழுத விடுங்க. வைக்குற எடம் நடுவுலதான், கடைசில வச்சா நடுவருக்கு அதுதான் ஞாபகத்துல நிக்கும்.