சண்டையை நாலு வாத்தியத்தில் எழுதப்போய்…

(பேச்சை இசையாக்கப் பார்த்த மூன்று பேர், ஆளுக்கொரு கதை.)

அக்கா தங்கை சண்டை ஒன்றை ஸ்ட்ரிங் குவார்டெட்டாக, அதாவது நாலு தந்தி வாத்தியங்களுக்கான இசையாக, எழுத ஆசைப்பட்டேன். முதல் வயலின் அக்கா, செல்லோ தங்கை. நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கும் அம்மா அப்பாவாக இரண்டாம் வயலினும் வயோலாவும். சண்டை என்றால் சத்தம்தானே என்று 40 பார்களுக்கு (தாளக் கட்டங்களுக்கு) நால்வரையும் ஃபோர்ட்டிஸிமோவில், அதாவது மிக உரக்க, வாசிக்க விட்டேன். ஒத்திகையில் கேட்டால் வெறும் இரைச்சல், கோபத்தைக் காணோம். வயோலாக்காரர் வில்லைக் கீழே வைத்துவிட்டு, "இதில் யாருக்கும் யாருக்கும் சண்டை?" என்றார்.

அப்புறம்தான் நிஜச் சண்டைகளைக் காதுகொடுத்துக் கேட்டேன் (வீட்டிலேயே பஞ்சமில்லை). ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர் நுழைவதில்தான் சூடு. எதிராளியின் கடைசிச் சொல்லையே பிடித்துத் திருப்பி அடித்தால் இன்னும் சூடு. அதனால் வயலின் முடிவதற்கு அரை பீட் முன்னாலேயே செல்லோ நுழைகிறது. வயலினின் கடைசி மூன்று ஸ்வரங்களைத் தலைகீழாக வாசித்துக்கொண்டு. சத்தத்தைப் பாதியாகக் குறைத்தேன். இப்போது கேட்பவர்கள் நெளிகிறார்கள்!

அமெரிக்க இசையமைப்பாளர் சார்லஸ் ஐவ்ஸின் இரண்டாவது குவார்டெட்டிலும் நாலு பேர் பேசி, வாதாடி, கடைசியில் மலையேறி வானம் பார்க்கப் போகிறார்கள். என் அக்கா தங்கையை மலையேற்ற மனம் வரவில்லை. சமாதானம் ஆகாமலே முடித்துவிட்டேன்.

*

எனக்குச் சண்டை வேண்டியிருக்கவில்லை, ஒரு 'சரி' போதுமாக இருந்தது. செக் நாட்டு இசையமைப்பாளர் யானாச்செக், மனிதர்கள் பேசும் ஏற்ற இறக்கத்தை ஸ்வரமாகக் குறித்து வைத்தவர். அதைப் படித்துவிட்டு, பாட்டி போனில் சொல்லும் 'சரி'களைக் குறிக்க ஆரம்பித்தேன். ஒன்று 'நம்பிவிட்டேன்', ஒன்று 'நம்பவில்லை', ஒன்று 'போனை வை'. பியானோவில் மூன்றும் ஒரே மாதிரி செத்துக் கிடந்தன. பேச்சு ஸ்வரத்தில் நிற்காது, வழுக்கும். செல்லோவில் விரலை இழுக்கச் சொன்னதும் பாட்டி வந்துவிட்டார்.

*

இரண்டு புல்லாங்குழல்களுக்கு எழுதியபோது எனக்கு நடந்தது வேறு. தம்பதி பேச்சு மாதிரி இருக்கட்டும் என்று ஒரு பக்கத்தில் தாளக் கட்டங்களைப் பிரிக்கும் கோடுகளையே எடுத்துவிட்டு, "மற்றவர் மூச்சு எடுத்த பிறகு தொடங்கவும்" என்று எழுதினேன். இரண்டு பிரதியிலும். மேடையில் இருவரும் ஒருவர் மூச்சுக்காக ஒருவர் காத்து நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள். அவையில் யாரோ இருமினார். அதையே மூச்சாக எடுத்துக்கொண்டு இருவரும் ஒன்றாகத் தொடங்கிவிட்டார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, அந்த மௌனம்தான் பிரமாதம், எங்கள் வீட்டில் அப்படியே நடக்கும் என்றார். நான் அவரைத் திருத்தவில்லை.