பால் கொடுக்கிறவ வாழைப்பழம் சாப்பிட்டா பிள்ளைக்குச் சளியா?

தஞ்சைப்பொன்னி (திரியைத் தொடங்கியவர்)
நேத்து இன்னொரு திரியில, பிரசவம் ஆகி மலச்சிக்கல்ல தவிக்கிற ஒரு பொண்ணுக்கு மூணுபிள்ளைக்காரி அக்கா எழுதின பதில் இது: "பால் குடுக்கிறவ வாழைப்பழத்தைத் தொட்டா மூணாம் நாள் பிள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டும். தண்ணியும் அளவாக் குடி, வயிறு போட்டுடும்." அதுக்கு 41 லைக். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு.

எனக்குப் பிள்ளை பிறந்து இன்னையோட 23 நாள். சுகப்பிரசவம்தான், தையல் உண்டு. இதே பத்தியத்தை ஒரு எழுத்து மாறாம இருந்தேன். பூண்டுக் குழம்பு, சுட்ட கருவாடு, இட்லி. வேளைக்கு அரை டம்ளர் வெந்நீர். கீரை கிடையாது, பழம் கிடையாது. கூடவே இரும்புச்சத்து மாத்திரை. அஞ்சு நாள் வெளிக்கே போகலை. ஆறாம் நாள் போனப்போ கண்ணாடிச் சில்லு அறுத்துக்கிட்டு இறங்கின மாதிரி இருந்துச்சு. ஒரு கையில குழாயைப் பிடிச்சுக்கிட்டு, வாயில துண்டைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், கூடத்துல இருக்கிற மாமனார் காதுல விழுந்திடக் கூடாதேன்னு. பளிச்சுன்னு சிவப்பா ரத்தம். வந்து படுத்தும் ரெண்டு மணி நேரம் எரிச்சல். சரியா அந்த நேரத்துலதான் பிள்ளை பசிக்கு அழும். உக்காந்து பால் குடுக்க முடியாது, ஒருக்களிச்சுப் படுத்துதான் குடுத்தேன். மறுநாள் பயத்துல அடக்கினேன். அடக்க அடக்க இன்னும் கெட்டியாச்சு.

டாக்டர் பார்த்துட்டு ஆசனவாய் வெடிப்புன்னாங்க. "தண்ணி எவ்வளவும்மா குடிக்கிறே?"ன்னு கேட்டாங்க. நான் சொன்னதும் என்னைப் பார்க்கலை, என் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாங்க. இப்ப தினம் ராத்திரி ரெண்டு பூவன் பழம் சாப்பிடறேன். பிள்ளைக்குச் சளி இல்லை. அந்த 41 பேரும் வந்து பதில் சொல்லட்டும்.

மூணுபிள்ளைக்காரி
வா தாயி. என் பேரைப் போட்டே திரி திறந்தாச்சா, சந்தோஷம். மூணு பெத்து மூணையும் முழுசா வளர்த்தவ நான். எங்க அம்மாச்சி ஒம்பது பெத்தவங்க. எங்க வீட்டுல பச்சை உடம்புக்காரி வாழைப்பழம் தொட்டதில்லை, ஒரு பிள்ளைக்கும் சளி பிடிச்சதில்லை. 23 நாள் பிள்ளையை வெச்சுக்கிட்டு அனுபவம் பேசாதே. மூலத்துக்குத் துத்தி இலையை விளக்கெண்ணெயில வதக்கி இளஞ்சூடாக் கட்டு. அதை விட்டுட்டு ராத்திரியில பூவன் பழமாம். பூவன் எவ்வளவு குளிர்ச்சின்னு உன் மாமியாரைக் கேளு.

நைட்டுடூட்டி
நான் பிரசவ வார்டுல நர்ஸ். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். பொன்னிக்கு இருக்கிறது மூலம் இல்லை. மூலம்ங்கிறது ரத்தக்குழாய் புடைச்சு வீங்கறது. இது தோல்ல விழுந்த கிழிசல். வலிக்கிறப்போ உள்ள இருக்கிற சுருக்குத் தசை இறுகிக்கும், இறுகினா அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறையும், அதனாலதான் ஆற நாளாகுது. இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பினா மருந்தும் மாறிப் போகும்.

மூணுபிள்ளைக்காரி
மூலமோ வெடிப்போ, எல்லாம் சூட்டுல வர்றதுதான். நான் கேட்டது வாழைப்பழம் பத்தி.

சிறுமலையான்
அக்கா சொல்ற சளி கடையில விக்கிற பச்சைப்பழத்துக்கு வேணா பொருந்தும். எங்க சிறுமலை வாழைப்பழத்துக்கு அந்தப் பேச்சே கிடையாது. மலைக்காத்துல விளைஞ்சது, தோல் சுருங்கச் சுருங்கத் தேன். 2008-09லயே புவிசார் குறியீடு வாங்கின பழம். பொன்னி தங்கச்சி, பூவனை விட்டுட்டு மலைப்பழத்துக்கு மாறுங்க.

மட்டிக்கொலை
வந்துட்டாருய்யா. எந்தத் திரின்னாலும் மலைப்பழத்தைத் தூக்கிட்டு வந்துடறீங்க. போன மாசம் சத்துமாவுத் திரியிலயும் இதே கதைதான். நாங்க நாகர்கோவில் பக்கம். பிறந்த பிள்ளை முதல் முதல்ல ருசிக்கிற பழமே எங்களுக்கு மட்டி வாழைதான். பிள்ளைக்கே ஊட்டற பழம் தாய் சாப்பிட்டா சளி வருமா? கணக்கே உதைக்குதே.

சிறுமலையான்
மட்டிக்குக் குறியீடு எந்த வருஷம் வந்துச்சு மேடம்? 2023. எங்களுக்குப் பின்னாடி எத்தனை வருஷம்னு விரல் விட்டு எண்ணிக்குங்க.

மட்டிக்கொலை
பேப்பர் முன்னாடி வந்தா பழம் இனிச்சிடுமா? அந்த மலைப்பழம் முடிக்கொத்து நோயில ஏகப்பட்டது அழிஞ்சு போச்சே, அதையும் எண்ணுங்க. இப்ப சந்தையில மலைப்பழம்னு விக்கிறதுல எது நிஜ மலைப்பழம்னு உங்களுக்கே தெரியாது.

மூணுபிள்ளைக்காரி
எந்தப் பழமா இருந்தாலும் குளிர்ச்சி குளிர்ச்சிதான். குடும்பத்துல பெரியவங்க இல்லாத வீட்டுலதான் இப்படிப் பழத்துக்குப் பழம் வித்தியாசம் பேசுவாங்க.

மட்டிக்கொலை
அக்கா, எங்க வீட்டுல 86 வயசு அப்பத்தா இருக்காவ. அவங்களும் மட்டி சாப்பிட்டுத்தான் பெத்தாங்க. பெரியவங்க இல்லாத வீடுன்னு யாரைச் சொல்றீங்க?

தஞ்சைப்பொன்னி
நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை. வாழைப்பழம் என் வயித்துல செரிச்சு, ரத்தத்துல கலந்து, அதுலேருந்து பால் ஊறுது. இதுல சளி எந்த வழியாப் பிள்ளை மூக்குக்குப் போகுது? வழியைச் சொல்லுங்கக்கா.

மூணுபிள்ளைக்காரி
வழி கேக்கிறவங்க எல்லாம் வக்கீலுக்குப் படிக்கப் போகணும். நான் அனுபவத்தைச் சொல்றேன். மூணு பிள்ளை. மூணு. ஒண்ணுக்கும் சளி இல்லை.

நைட்டுடூட்டி
சளியைக் கொண்டு வர்றது வைரஸ். வீட்டுல இருமற ஆள், தும்மிட்டுக் கை கழுவாமப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சற ஆள், அவங்ககிட்டேருந்துதான் வரும். பழத்துலேருந்து வராது. பொன்னிக்கு உபயோகமா இருக்கிறதைச் சொல்றேன். வெளிக்குப் போய்ட்டு வந்ததும் அகலமான பேசின்ல வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி 10, 15 நிமிஷம் உக்காருங்க, ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை. உப்பு, டெட்டால் எதுவும் வேண்டாம். மலம் இளக இசப்கோல் உமி எடுத்தா முழு டம்ளர் தண்ணியோட எடுக்கணும், தண்ணி இல்லாம எடுத்தா அதுவே அடைச்சுக்கும். மலத்தை இளக்கற லாக்டுலோஸ் சிரப் ரத்தத்துல சேர்றது ரொம்பக் கொஞ்சம், பால் குடுக்கிறவங்களுக்கு டாக்டர்கள் வழக்கமா எழுதறதுதான். இரும்பு மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, மலம் இறுகுதுன்னு சொன்னா வேற மாத்திரை மாத்திக் குடுப்பாங்க. பிள்ளைக்குப் பால் குடுக்க உக்காரும்போதே பக்கத்துல ஒரு சொம்புத் தண்ணி வெச்சுக்குங்க.

மூணுபிள்ளைக்காரி
ஒரு சொம்பு! வயிறு பானை மாதிரி ஆனா இந்த சிஸ்டர் வந்து கட்டி விடுவாங்களா? பத்தியம்னா என்னன்னே தெரியாத ஊர்ல படிச்சிருப்பாங்க போல.

நைட்டுடூட்டி
படிச்சது மதுரையில அக்கா.

மூணுபிள்ளைக்காரி
மதுரையில எந்தப் பக்கம்?

புதுஅப்பா
என் மனைவிக்கும் இதே பிரச்சனை, 18 நாள் ஆச்சு. டில்டியாசெம் களிம்பு எழுதிக் குடுத்திருக்காங்க. பால் குடுக்கிறப்போ போடலாமா? தடவின கையோட பிள்ளையைத் தூக்கலாமா? யாராவது சொல்லுங்க, ப்ளீஸ்.

சிறுமலையான்
தம்பி, உங்க வீட்டுல என்ன பழம் வாங்கறீங்க?

நைட்டுடூட்டி
புதுஅப்பா, தாய்ப்பால் குடுக்கறாங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லித்தானே எழுதி வாங்கினீங்க? அப்போ அவங்க சொன்ன அளவுல போடலாம். அது இறுகின தசையைத் தளர்த்தற மருந்து. தடவினதும் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுப் பிள்ளையைத் தூக்கச் சொல்லுங்க. அதே வேலைக்கு நைட்ரோகிளிசரின் களிம்பும் உண்டு, அதுல தலைவலி வரும். அதனால பழைய சீட்டை வெச்சு நீங்களா கடையில வாங்காதீங்க. ஆறு வாரம் தாண்டியும் ஆறலைன்னா அறுவை சிகிச்சை டாக்டரைப் பாருங்க. காய்ச்சல், சீழ், நிக்காத ரத்தம் இருந்தா ஆறு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்னைக்கே போகணும்.

புதுஅப்பா
ரொம்ப நன்றி சிஸ்டர். வாழைப்பழம் குடுக்கலாமா?

மூணுபிள்ளைக்காரி
கூடாது.

தஞ்சைப்பொன்னி
குடுக்கலாம்.

மட்டிக்கொலை
மட்டி குடுங்க.

மூணுபிள்ளைக்காரி
தம்பி, பொம்பளைங்க பேசற இடத்துல வந்து கேக்கிறதுக்குப் பதிலா உங்க அம்மாவைக் கேட்டிருக்கலாம்.

புதுஅப்பா
அம்மாதான் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. அதனாலதான் இங்க வந்தேன்.

வடமராட்சிக்காரி
நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் பிள்ளை பெத்தவைக்குப் பத்தியக்கறி, மருந்துச் சரக்கு போட்ட சரக்குத்தண்ணி எல்லாம் இருக்கு. என்ர அம்மாவும் வாழைப்பழம் குளிர் எண்டுதான் சொன்னவ. ஆனா இதரைப்பழம் சாப்பிடலாமாம், கப்பல் பழம் கூடாதாம். காரணம் கேட்டா அவவுக்கும் தெரியாது. எனக்கும் முதல் பிள்ளைக்குப் பிறகு இந்த வெடிப்பு வந்தது. பப்பாளிப்பழமும் சுடுதண்ணிக்குள்ள இருந்ததும்தான் என்னைக் காப்பாத்தினது. காலுக்குக் கீழ ஒரு சின்ன பலகை வைச்சு, முழங்காலை உயர்த்தி இருந்து போனா முக்கத் தேவையில்லை.

மூணுபிள்ளைக்காரி
பாத்தீங்களா? கடல் தாண்டியும் வாழைப்பழம் குளிர்ச்சின்னுதான் சொல்றாங்க. இதுக்கு மேல சாட்சி வேணுமா?

வடமராட்சிக்காரி
அக்கா, நான் இதரை சாப்பிடலாம் எண்டும் சொன்னனான். அதையும் வாசியுங்கோ.

மூணுபிள்ளைக்காரி
வாசிச்சேன். பப்பாளியும் சாப்பிட்டிருக்கே. ஐயோ.

சிறுமலையான்
இதரை எங்க மலைப்பழத்தோட ஒத்துமையா இருக்குமா?

வடமராட்சிக்காரி
இல்லை. அதைவிட நல்லது.

சும்மாபடிக்கிறவன்
ஒரு அம்மா ரத்தத்தோட துடிச்சேன்னு எழுதியிருக்காங்க. நீங்க எல்லாரும் வாழைமண்டி நடத்திக்கிட்டு இருக்கீங்க.

மூணுபிள்ளைக்காரி
வருஷத்துக்கு ஒரு தடவை வந்து நீதி சொல்லிட்டுப் போற ஆள் வந்தாச்சு. ஆடி மாசத் திரியில என் கஞ்சியைக் கிண்டல் பண்ணினது நீங்கதானே? மறக்கலை.

சும்மாபடிக்கிறவன்
கிண்டல் இல்லைக்கா, அளவு தப்புன்னு சொன்னேன். ஒரு ஆழாக்கு அரிசிக்கு முப்பது பல் பூண்டு.

மூணுபிள்ளைக்காரி
முப்பது பல்தான். பால் ஊறணும்ல. அந்தப் பூண்டுலதான் மூணும் வளர்ந்துச்சு. சளி இல்லாம.

தஞ்சைப்பொன்னி
இவ்வளவு நேரமா ஒரே ஒரு கேள்விக்குத்தான் சுத்தறோம். அக்கா, உங்க மூணு பிரசவத்துலயும் நீங்க எத்தனை நாளைக்கு ஒரு தடவை வெளிக்குப் போனீங்க? வலிக்கவே இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.

மூணுபிள்ளைக்காரி
அதையெல்லாம் பொதுவுல எழுத மாட்டேன்.

தஞ்சைப்பொன்னி
நான் எழுதினேனே.

மூணுபிள்ளைக்காரி
எங்க காலத்துல வலி இருந்தா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தோம். நடுப்பிள்ளைக்கு ஒரு மாசம் நின்னுக்கிட்டேதான் சாப்பிட்டேன். யார்கிட்டயும் சொல்லலை. அதுக்காக வாழைப்பழத்தைத் தேடி ஓடலை. பிள்ளைக்குச் சளி பிடிக்கலை, அதுதான் முக்கியம்.

நைட்டுடூட்டி
ஒரு மாசம் நின்னுக்கிட்டா? அக்கா, அதேதான் இது. அப்பவே காட்டியிருக்கலாமே.

மூணுபிள்ளைக்காரி
இப்ப எனக்கு வைத்தியம் பார்க்க வேண்டாம் சிஸ்டர். மதுரையில எந்தப் பக்கம்னு கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை.

மட்டிக்கொலை
ஒரு மாசம் நின்னுக்கிட்டே சாப்பிட்டதைத்தான் நேத்து அந்தப் பொண்ணுக்கும் வைத்தியம்னு எழுதிக் குடுத்தீங்களா அக்கா? அருமை. 41 லைக் வேற.

மூணுபிள்ளைக்காரி
இப்ப 47.

சிறுமலையான்
அதுல ஒண்ணு நான் போட்டது. கைதவறி.

தஞ்சைப்பொன்னி
இன்னைக்குக் காலைல ரத்தம் இல்லை. எரிச்சல் அரை மணி நேரத்துல அடங்கிடுச்சு. மாமியார் அவங்களாவே பெரிய டம்ளர்ல தண்ணி கொண்டு வந்து வெச்சாங்க, ஒண்ணும் பேசலை. சரி போறேன், பிள்ளை எழுந்துட்டான், தும்மிக்கிட்டு இருக்கான்.

மூணுபிள்ளைக்காரி
தும்மறானா? சொன்னேனா இல்லையா! எல்லாரும் பாத்துக்குங்க, அவளே எழுதியிருக்கா. தும்மறான்!

நைட்டுடூட்டி
பச்சைப்பிள்ளைங்க தும்மத்தான் செய்யும். மூக்குல இருக்கிற தூசி, காஞ்ச பால் வெளியில வர்ற வழி அது. காய்ச்சல் இல்லை, பால் குடிக்கறான், மூச்சு திணறலைன்னா பயப்பட ஒண்ணுமில்லை.

மூணுபிள்ளைக்காரி
எத்தனை தும்மல் பொன்னி?

தஞ்சைப்பொன்னி
ரெண்டு.

மூணுபிள்ளைக்காரி
ரெண்டு பழம், ரெண்டு தும்மல்.

மட்டிக்கொலை
யாராவது இந்தத் திரியைப் பூட்டுங்கய்யா.

சிறுமலையான்
பூட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு. தாம்பரம் பக்கம் நல்ல மலைப்பழம் கிடைக்கிற கடை எதுன்னு நேத்துலேருந்து ரெண்டு பேர் தனிமடல்ல கேட்டிருக்காங்க. அவங்களுக்குச் சொல்லிட்டேன்.

மூணுபிள்ளைக்காரி
மூணாம் நாள் வந்து பாக்கறேன்.