புதுப்பிப்பு: தேவை நெகிழ்ச்சிக் கணக்கு தீர்ந்தது

மும்பை மாட்டுங்காவில் பி.காம் படிக்கும் என் தங்கைக்கு, விலை 20 ரூபாயிலிருந்து 25 ஆகி தேவை 100லிருந்து 80க்குக் குறையும் கணக்கில் நெகிழ்ச்சி (தேவை மாறிய சதவீதத்தை விலை மாறிய சதவீதத்தால் வகுத்தால் வருவது) 0.8 வருகிறது, புத்தகத்தில் 1 என்று இருக்கிறதே என்று கேட்டிருந்தேன். நடுப்புள்ளி முறையை (பழையது, புதியது இரண்டின் சராசரியை அடிப்படையாக வைப்பது) சொன்னவருக்கு ரொம்ப நன்றி, அதுதான் விஷயம். பழைய விலையையும் பழைய அளவையும் அடிப்படையாக வைத்தால் விலை ஏறும்போது 0.8, அதையே திருப்பி 25லிருந்து 20க்கு இறக்கினால் 1.25. அதே இரண்டு புள்ளிகளுக்கு இரண்டு விடை! சராசரியை வைத்து 5ஐ 22.5ஆலும் 20ஐ 90ஆலும் வகுத்தால் இரண்டுமே சுமார் 22.2 சதவீதம், எந்தப் பக்கம் போனாலும் 1. அப்புறம் அவளே ஒன்று பிடித்தாள்: 20 × 100, 25 × 80, இரண்டும் 2000. வருவாய் மாறவில்லை, அப்படியென்றால் நெகிழ்ச்சி 1தான். தேர்வில் விடையைச் சரிபார்க்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.