"ரெண்டு காலமா அடிச்சுக் கொடுங்க": உங்கள் அனுபவம் எப்படி?

கோயில் தெருவில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். மார்கழி நெருங்கினால் திருப்பாவை புத்தகம் கேட்டு பஜனை கோஷ்டிகள் வந்துவிடும். போன வருஷம் ஒரு பெரியவர் வாட்ஸ்அப்பில் வேர்டு ஃபைலை அனுப்பி, "எல்லாம் ரெடி தம்பி, பிரின்ட் மட்டும் போடுங்க" என்றார். இடப்பக்கம் பாசுரம், வலப்பக்கம் பொருள் என ரெண்டு காலம், அதாவது இரண்டு நெடுக்குப் பத்தி (column). திறந்து பார்த்தால் அத்தனையும் ஸ்பேஸ் பார் வேலை! பாசுர வரி முடிந்த இடத்திலிருந்து பொருள் தொடங்கும் இடம் வரை தட்டிக்கொண்டே போயிருக்கிறார். பாமினி என்ற பழைய எழுத்துருவில் ஓரளவு நேராக நின்றது. யூனிகோடுக்கு மாற்றி லதா எழுத்துரு கொடுத்ததும் பொருள் எல்லாம் பாசுரத்துக்குள் புகுந்துவிட்டது.

"காலம்ஸ் போட்டா சரியாயிடுமே" என்று அவர் பேரன் போனில் யோசனை சொன்னார். ஆகாது. வேர்டில் காலம் என்பது செய்தித்தாளில் வருவது போலத்தான்: முதல் காலம் அடி வரை நிரம்பிய பிறகே மிச்சம் அடுத்த காலத்தின் உச்சிக்குப் போகும். பாசுரம் எட்டடி, பொருளோ ஒன்றுக்கு ஆறு வரி, இன்னொன்றுக்குப் பன்னிரண்டு வரி. இரண்டும் எதிரெதிரே நிற்க வேண்டுமானால் டேபிள்தான் வழி. 30 பாசுரத்துக்கு 30 வரிசை, வரிசைக்கு இரண்டு கட்டம். ஒரு பாசுரம் பாதியில் அடுத்த பக்கத்துக்கு ஓடாமலிருக்க, டேபிள் ப்ராபர்ட்டீஸில் 'அலோ ரோ டு பிரேக் அக்ராஸ் பேஜஸ்' டிக்கை எடுத்துவிட்டேன். கடைசியில் பார்டரை நீக்கினால் டேபிள் போட்டதே தெரியாது.

———

அண்ணா, கேள்வித்தாளுக்கு காலம்தான் கைகொடுக்கிறது. நான் பள்ளியில் தமிழாசிரியை. ஒரு மதிப்பெண் வினாக்களை மட்டும் செலக்ட் செய்து லேஅவுட்டில் காலம்ஸ், டூ கொடுத்தால், மேலும் கீழும் 'கன்டினியூவஸ்' செக்ஷன் பிரேக்கை (அதே பக்கத்திலேயே பகுதியைப் பிரிக்கும் குறி) வேர்டே போட்டுக்கொள்ளும். இந்த பிரேக்தான் எங்கள் ஸ்டாஃப் ரூமில் வில்லன். ஒருவர் "இது என்ன கோடு" என்று மேலே இருந்ததை டெலிட் செய்தார். பள்ளிப் பெயர், நேரம், மொத்த மதிப்பெண் எல்லாம் இரண்டு காலத்துக்குள் ஒடுங்கிவிட்டன. பிரேக்கை அழித்தால் மேலே உள்ள பகுதி, கீழே உள்ளதன் அமைப்பை எடுத்துக்கொள்ளும், அதனால்தான். கன்ட்ரோல் இசட் போட்டதும் சரியாயிற்று.

இன்னொன்று: அடுத்த காலத்துக்குப் போக என்டரைத் தட்டிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய. நடுவில் ஒரு வினா சேர்த்தால் எல்லாம் கலைந்துவிடும். கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் காலம் பிரேக் விழும், அவ்வளவுதான்.

———

கும்பாபிஷேக மலர் வேலையில் எங்கள் கமிட்டி மூன்று காலம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது. ஏ4 தாளில் இருபுறமும் ஒரு அங்குல மார்ஜின் போக, இடைவெளிகளையும் கழித்தால் ஒரு காலத்துக்குக் கிடைப்பது சுமார் 4.5 செ.மீ. 'எழுந்தருளியிருக்கின்றார்' என்ற ஒரு சொல்லே கிட்டத்தட்ட வரியை அடைத்துக்கொள்ளும். இரு ஓரத்தையும் சீராக்கும் ஜஸ்டிஃபையும் சேர்ந்ததால் சொற்களுக்கு நடுவே வெற்றிடம் ஆறாக ஓடியது. ஜஸ்டிஃபையை எடுத்து இடப்பக்கம் மட்டும் சீராக்கி, இரண்டு காலமாகக் குறைத்து ஒரு பக்கம் பிரின்ட் எடுத்துக் காட்டினேன். தலைவர் ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

———

நான் வேர்டு இல்லை, லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் ஆள். கடைசிப் பக்கத்தில் இடது காலம் நிரம்பி, வலது காலம் காலியாகக் கிடக்கிறதா? இதில் அந்தப் பகுதியை ஒரு செக்ஷனாக்கினால், இரு காலத்துக்கும் சமமாகப் பிரித்துக்கொள்ள ஒரு டிக் இருக்கிறது. வேர்டில் என்ன செய்கிறீர்கள்?

———

டிடிபி கடைக்காரன்தான் மறுபடி. வேர்டில் கடைசி வரிக்குப் பின்னால் ஒரு கன்டினியூவஸ் பிரேக் போடுங்க, தானே சமமாகிவிடும். அப்புறம், ஏ4 தாளைப் படுக்கவைத்து இரண்டு காலம் போட்டு, மடித்துப் புத்தகமாக்கலாம் என்று யாராவது வந்தால் தடுத்துவிடுங்க. பக்க வரிசை தாறுமாறாகும். அதற்கென்றே பேஜ் செட்டப்பில் 'புக் ஃபோல்டு' இருக்கிறது.