எக்ஸ்போஷர்: ‘வெளிப்பாடு’ வேண்டாம், ‘பாடு’ எப்படி?

எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் ஹசார்டு, ரிஸ்க் இரண்டுக்கும் தமிழ்ச்சொல் தேடி மல்லுக்கட்டி ஒருவழியாகக் கேடு, இடர் என்று முடித்தோம் அல்லவா, அந்தக் களைப்பு தீருவதற்குள் அடுத்தது வந்துவிட்டது. எக்ஸ்போஷர், அதாவது வேலை செய்யும் இடத்தில் தூசி, ரசாயனம், இரைச்சல் போன்றவை ஒருவர் உடம்பை வந்து தொடுவது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: தாராவியில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கும் பிசிஷியன் அசிஸ்டென்ட்களுக்கும் (டாக்டர் அல்ல, ஆனால் நோயாளியைப் பார்த்து மருந்து எழுதித் தருகிறவர்கள்) கற்றுத்தரும் பணியிடப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் உடல்நலப் பாடங்களைப் பார்த்து, இங்கே கிளினிக்குகளில் வேலை செய்யும் தமிழ் நர்ஸுகளுக்கு ஏற்றபடி மாற்றுகிறோம். அந்த இரண்டு வகையினரையும் சேர்த்து அங்கே ஒரு பொதுப்பெயர் வைத்திருக்கிறார்கள், அதற்குத் தமிழ் கேட்டு யாரும் இந்த இழையைத் திருப்ப வேண்டாம். 1965இல் கொலராடோவில் நர்ஸுகளுக்கு ஒரு படிப்பு, அதே ஆண்டு டியூக் பல்கலைக்கழகத்தில் கடற்படை மருத்துவ உதவியாளர்களாக இருந்தவர்களுக்கு ஒரு படிப்பு என்று தனித்தனியாகத் தொடங்கியவை இந்த இரண்டு வேலைகளும். எங்கள் குழுவில் ஒருவர் ‘கம்பவுண்டர்’ என்று மொழிபெயர்த்துக் கொண்டுவந்தார், அதற்காக நம் நர்ஸ் அக்காவிடம் அவர் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை. கையேட்டில் ஆங்கிலப் பெயரையே தமிழில் எழுதிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எக்ஸ்போஷருக்கு ‘வெளிப்பாடு’ என்றுதான் பல இடங்களில் போடுகிறார்கள். நானும் முதல் வரைவில் அதையே போட்டேன். ‘தொழிலாளர்களின் காரீய வெளிப்பாட்டை அளவிட வேண்டும்’ என்று எழுதிவிட்டு மறுநாள் டீ குடித்துக்கொண்டே படித்தால், தொழிலாளி என்னமோ காரீயத்தைக் கக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது. திசையே தப்பு. காரீயம் அவன்மேல் வருகிறது, அவனிடமிருந்து வெளியே போகவில்லை. போதாக்குறைக்கு மரபணு பற்றி எழுதும் இடத்தில் ‘வெளிப்பாடு’ ஜீன் எக்ஸ்பிரஷனுக்கு நிலைத்துவிட்டது, நச்சியல் பக்கம் ஒன்றில் இரண்டும் சேர்ந்து வந்தால் தொலைந்தோம். ‘ஆட்படுதல்’ என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். நல்ல சொல்தான், ஆனால் தின்னர் வாசனைக்கு ஆட்பட்டான் என்றால் விரும்பி மோந்துகொண்டிருக்கிறான் என்று ஆகிவிடும். அப்படியும் ஆட்கள் உண்டு, அது வேறு அத்தியாயம்.

போன ஞாயிற்றுக்கிழமை தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு தோல்பை பட்டறைக்குப் போயிருந்தேன். மாடியில் பத்துக்குப் பத்து அறை, இரும்பு ஏணியில் ஏறிப் போக வேண்டும், இருந்த ஒரே ஜன்னலையும் தோல் சுருள்கள் மறைத்திருந்தன. ஆறு பேர் வேலை. திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் பழைய பெயின்ட் டப்பாவில் சொல்யூஷனை வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலாலேயே தொட்டுத் தொட்டுத் தோலின் ஓரம் முழுக்கத் தடவி, மடித்து, சுத்தியலால் ஒரு தட்டு. பக்கத்தில் பிரஷ் இருந்தது, தொடவில்லை. விரல்தான் வேகமாம். பேசிக்கொண்டே காய்ந்த பசையை விரலிலிருந்து உரித்தார், பாம்புச் சட்டை மாதிரி முழுசாக வந்தது, ரேகைகூட அதில் அப்படியே பதிந்திருந்தது. நான் கையேட்டு மொழியில் என்னமோ கேட்டேன், அவருக்குப் புரியவில்லை. “இது மேல பட்டா ஒண்ணும் பண்ணாதா அண்ணாச்சி?” என்றதும் சிரித்தார். “கையில படுறது ஒண்ணும் செய்யாது தம்பி. மூக்கு வழியாத்தான் ஏறும். சாயங்காலம் தலையப் பிடிச்சுக்கும்.”

படும், ஏறும். ஏணியில் இறங்கும்போதே இந்த மடலில் பாதியை மனதுக்குள் எழுதிவிட்டேன். தோல் வழியாகவும் ஏறும் என்பது அவருக்குத் தெரியவில்லை, அதைச் சொல்லத்தான் கையேடு. ஆனால் படுவது வேறு, ஏறுவது வேறு என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிகிறது. பாடப்புத்தகத்தில் எக்ஸ்போஷருக்கும் டோஸுக்கும் உள்ள வித்தியாசம் இதேதான்: உடம்பின் எல்லையில் வந்து தொடுவது ஒன்று, உள்ளே போய்ச் சேர்வது இன்னொன்று.

அண்ணாச்சி கதையில் இன்னொன்றும் உண்டு. ஆறு மாதமாக இரண்டு பாதமும் மரத்துப்போய் எரிகிறது என்று ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. பி12 ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். என்ன வேலை என்று ஒருத்தர் கேட்கவில்லை. இந்த மாதிரிப் பசையில் ஹெக்சேன் என்ற கரைப்பான் இருந்தால் அது உடம்புக்குள் போய் 2,5-ஹெக்சேன்டையோன் என்ற பொருளாக மாறி நரம்பின் நீளமான இழைகளைக் கெடுக்கும், அதனால்தான் கால்நுனியிலும் கைநுனியிலும் முதலில் மரத்துப்போகும். ஜப்பானில் செருப்புச் செய்தவர்களிடமும் இத்தாலியில் காலணித் தொழிலாளர்களிடமும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பார்த்த நோய் இது. அண்ணாச்சிக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை, நான் யார் சொல்ல. ஆனால் 1700இலேயே ராமசினி என்ற இத்தாலிய மருத்துவர், நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு ‘என்ன தொழில் செய்கிறாய்’ என்பதையும் சேர்த்துக்கொள் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார், நாம் 300 வருஷம் கழித்தும் சேர்க்கவில்லை.

பட்டறைக்கு இன்ஸ்பெக்டர் வருவாரே என்று கேட்காதீர்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் மின்சாரம் இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் என்று கோடு போட்டது, 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 20, 40 என்று ஏற்றிவிட்டது. ஆறு பேர் பட்டறை இரண்டிலும் சேராது. கேட்க மிச்சமிருப்பது கிளினிக் நர்ஸ் மட்டும்தான், ஆகவே சொல் அவர் வாயில் நுழைய வேண்டும்.

என் முன்மொழிவு: எக்ஸ்போஷர் என்பது பாடு. காரீயப்பாடு, தூசிப்பாடு, இரைச்சல்பாடு. படுகிற பொருள் படுபொருள். எவ்வளவு படுகிறது என்பது படுவளவு, உள்ளே எவ்வளவு ஏறியது என்பது ஏறளவு. சோதித்துப் பார்த்தேன். அமெரிக்கச் சட்டத்தில் காரீயத்துக்கு 8 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் என்பது படுவளவின் வரம்பு, ரத்தத்தை எடுத்து ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று பார்த்தால் அது ஏறளவு. கச்சிதமாக உட்காருகிறது. இரைச்சலுக்கு ‘படு’ பொருந்துமா என்று சந்தேகப்படுகிறவர்கள், ‘அது என் காதில் பட்டது’ என்று தினமும் சொல்வதை நினைத்துப் பாருங்கள். வேலை உடுப்பிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து குழந்தைமேல் படுவதற்கு: வீட்டுப்பாடு.

அடிக்கலாம், காத்திருக்கிறேன்.

———

மாட்டுங்காவிலிருந்து தமிழாசிரியர் ஐயா எழுதியது:

தம்பி, திசை தப்பு என்று சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் பாடு என்றால் எனக்கு ‘அவன் பட்ட பாடு’தான் முதலில் வருகிறது, என் பேரனுக்கு ‘பாட்டுப் பாடு’ வரும். தூசியால் வந்த நோயும் தூசிப்பாடு, தூசி மேலே படுவதும் தூசிப்பாடு என்று குழம்பும். காரணத்துக்கும் விளைவுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு மருத்துவம் படிப்பிக்க முடியாது. ‘படுகை’ என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன், அது காவிரிக்குப் போய்விட்டது. ‘படல்’ என்றால் எங்கள் ஊரில் ஆட்டுக்கிடைக்கு அடைக்கும் தட்டி.

படுபொருளை மட்டும் விடாதீர்கள். அது வினைத்தொகை. ஊறுகாய் என்றால் ஊறின காய், ஊறுகிற காய், ஊறும் காய் மூன்றும் அடக்கம் என்று வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை போனவன் நான். படுபொருளும் அப்படித்தான்: முன்பு பட்டது, இப்போது படுவது, இனிப் படப்போவது. ஆஸ்பெஸ்டாஸ் நார் பட்டு இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்துக்கூடப் புற்றுநோய் வரும் என்று நீங்கள்தான் முந்தைய மடலில் எழுதியிருந்தீர்கள். இன்றைக்கு என்ன வேலை என்று மட்டும் கேட்டால் அது தப்பிவிடும். காலம் மறைந்து நிற்கும் சொல்லாக இருப்பது இங்கே வசதி.

ஒரே உறுத்தல், படுமோசம், படுகொலை, படுபாவி வரிசையில் படுபொருளும் ‘மகாமோசமான பொருள்’ என்று கேட்கும். ஏறளவுக்குத் தடை இல்லை.

———

தானே–பேலாப்பூர் சாலையில் ஓர் ஆலையின் மருத்துவ அறையில் வேலை செய்யும் அக்கா எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். மகாமோசமான பொருள் என்று கேட்டால் கேட்கட்டுமே ஐயா, பொய்யா?

தம்பி, பாடு வேண்டாம். ஐயா சொன்ன காரணம் போக, எங்கள் ஆட்களிடம் ‘உங்கள் பாடு என்ன’ என்று கேட்டால் வட்டிக் கணக்கிலிருந்து ஆரம்பிப்பார்கள், அரை மணி நேரம் போய்விடும். வினையாகவே வையுங்கள். எங்கள் டாக்டர் சயானில் மத்தியத் தொழிலாளர் நிறுவனத்தில் மூன்று மாதப் படிப்பு முடித்தவர், அது எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கு. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் பின்னால் நின்று கேட்டுக் கற்றது. அவர் சொல்லிக்கொடுத்த முதல் விஷயம், நோயாளியிடம் பதவியைக் கேட்காதே, கை என்ன செய்கிறது என்று கேள் என்பது. ‘ஹெல்ப்பர்’ என்பான், நாமும் எழுதிக்கொள்வோம், அவன் நாள் முழுக்க ரசாயன டிரம் கழுவிக்கொண்டிருப்பான்.

நான் கேட்பது நாலே கேள்வி. வேலையில் உங்கள் மேல் என்ன படுகிறது? ஞாயிற்றுக்கிழமை இருமல் குறைகிறதா? கூட வேலை செய்கிறவர்களுக்கும் இருக்கிறதா? வேலைத் துணியை யார் துவைக்கிறார்கள்? இரண்டாவதை லேசாக நினைக்காதீர்கள். பஞ்சாலைத் தூசியில் வரும் மார்பு இறுக்கம் லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் அதிகம், திங்கட்கிழமை காய்ச்சல் என்றே அதற்குப் பெயர் உண்டு. நாலாவது கேள்விக்குப் பதில் எப்போதும் ‘வீட்டுல’ என்று வரும், அந்தம்மாவையும் பிள்ளைகளையும் அடுத்த தடவை கூட்டிக்கொண்டு வரச் சொல்வேன். குழந்தை ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் காரீயம் இருந்தாலே கவனி என்று அமெரிக்கர்கள் 2021இல் இறக்கிவைத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கான காற்று வரம்பை மட்டும் அச்சடித்தால் எப்படி? இதையும் கையேட்டில் போடுங்கள்.

அப்புறம், ஊசி குத்தி நோயாளியின் ரத்தம் எங்கள் மேல் படுவதும் எக்ஸ்போஷர்தான். அதற்கு நாங்கள் எந்த நாளும் வேறு சொல் சொன்னதில்லை, ‘ரத்தம் பட்டுடுச்சு’ அவ்வளவுதான்.

———

ஐயா, அக்கா இருவருக்கும்:

சரி, பாட்டைக் கைவிடுகிறேன். உண்மையைச் சொன்னால் உங்கள் மடல்கள் வருவதற்கு முன்பே அது செத்துவிட்டது. மாதிரிப் பக்கம் ஒன்றை அச்சகத்துக்கு அனுப்பியிருந்தேன், தட்டச்சு செய்த தம்பி பிழை என்று நினைத்து ‘வீட்டுப்பாடு’ முழுவதையும் ‘வீட்டுப்பாடம்’ என்று திருத்தி அனுப்பிவிட்டான். ‘காரீய வீட்டுப்பாடம் குழந்தைகளுக்கு மிகவும் ஆபத்தானது’ என்று கொட்டை எழுத்தில் வந்திருக்கிறது. என் மகள் அந்தத் தாளை எடுத்துப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆக இப்படி வைத்திருக்கிறேன்: வாக்கியத்தில் படுதல், படிவத்தில் படுபொருள், அளக்கும்போது படுவளவு, ரத்தத்திலோ சிறுநீரிலோ பார்த்தால் ஏறளவு. வீட்டுக்கு வருவதற்குத் தனிச்சொல் கிடையாது, ‘வீட்டுக்கு வரும் படுபொருள்’ என்று நீட்டியே எழுதுகிறேன், நீளமாக இருந்தால் இருக்கட்டும். இரைச்சல் பக்கத்தில் ‘8 மணி நேரத்துக்குப் படுவளவு வரம்பு 90 டெசிபல், நையாஷ் என்ற அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைப்பது 85’ என்று எழுதிப் பார்த்தேன், தடுக்கவில்லை. படு, அளவு இரண்டையும் சேர்த்தால் இடையில் ‘வ்’ வருவது சரிதானே ஐயா? படவளவு என்று வாசித்து யாரும் புகைப்படத்தின் அளவா என்று கேட்காமல் இருந்தால் போதும்.

அக்காவின் நாலு கேள்விகளையும் பின்னட்டையில் போடுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, மாற்றம் இருந்தால் வியாழன் இரவுக்குள் சொல்லிவிடுங்கள்.

———

அக்கா:

இன்று காலை ஷிப்டில் புதுச் சொல்லைச் சோதித்துப் பார்த்தேன். உங்கள் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது தம்பி. விழுப்புரம் பக்கத்துப் பையன், ஒரு வாரமாகத் தலைசுற்றல். “வேலையில உன் மேல என்னப்பா படுது?” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “கண்ணுதான் சிஸ்டர். புது பைக் எடுத்ததிலிருந்து லைன்ல எல்லார் கண்ணும் பட்டுட்டு இருக்கு” என்றான்.

சிரித்து முடித்துவிட்டு, சரி, அது போக வேறென்ன என்று கேட்டேன். மூடியில்லாத தொட்டியில் தின்னரை ஊற்றிப் பாகங்களைத் துடைக்கிறானாம், எக்ஸாஸ்ட் ஃபேன் பத்து நாளாக ஓடவில்லையாம். படிவத்தில் படுபொருள்: தின்னர் என்று எழுதியிருக்கிறேன். கண்ணைச் சேர்க்கவில்லை.