மறு: மறு: புரைக்குள் இருக்கும் மருந்து – "சிறைப்பட்ட மூலக்கூறு" வேண்டாம்

அன்பர்களுக்கு வணக்கம்.

புதன்கிழமை மார்த்தாண்டத்தில் முதுகலை வேதியியல் பிள்ளைகளுக்குத் தமிழில் பாடம் எடுக்கிறேன். சிலிக்காவின் நுண்புரைகளுக்குள் ஏற்றிய மருந்தை நிறமாலை கொண்டு ஆராய்வதுதான் பாடம். குறிப்பு செவ்வாய் காலை அச்சுக்குப் போக வேண்டும். இப்படிக் குறுகிய துளைக்குள் அடங்கியிருக்கும் நிலையை ஆங்கிலத்தில் "கன்ஃபைன்மென்ட்" என்பார்கள். அந்த நிலையில் உள்ள மூலக்கூறைத் தமிழில் எப்படிச் சொல்வது, "சிறைப்பட்ட மூலக்கூறு" என்பது பொருந்துமா என்பதுதான் நம் பேச்சு.

"புரை" என்றால் குற்றம்தானே, "புரைதீர்ந்த நன்மை" என்று குறளே சொல்கிறதே என்று ஐயா எழுதியிருந்தார். சரிதான். ஆனால் உட்துளைக்கும் அதுதான் பெயர். புண் புரையோடுகிறது என்கிறோமே. அதோடு எங்கள் ஊரில் வீட்டையும் புரை என்போம்; ஓலைப்புரை, புரையிடம் எல்லாம் இன்றும் புழங்குகிற சொற்கள். துளையும் வீடும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது அதை ஏன் விட வேண்டும்?

என் மறுப்பு "சிறைப்பட்ட" என்பதற்குத்தான். இபுப்ரூஃபன் என்ற வலிநீக்கி மருந்து புரைக்கு வெளியே படிகம். உருக 75 பாகைக்கு மேல் சூடு வேண்டும். அதையே எம்.சி.எம்-41 என்ற புரைகள் நிறைந்த சிலிக்காவின் 3.5 நானோமீட்டர் புரைக்குள் ஏற்றி என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலை எடுத்தால், அறை வெப்பநிலையிலேயே திரவத்துக்கு வருவது போன்ற மெல்லிய கோடுகள் வருகின்றன. படிகமாக அடுக்கிக்கொள்ள அங்கே இடமில்லை. அதனால் மூலக்கூறு துள்ளிக்கொண்டிருக்கிறது. வெளியேதான் அது கட்டுண்டு கிடக்கிறது! இதைச் சிறை என்று சொல்லிக்கொடுத்தால் பாடத்தின் உயிரே போய்விடும்.

அக்கா சொன்ன "புரையுறை மூலக்கூறு" காதுக்கு இனிமைதான். ஆனால் உறைநிலை படித்த மாணவர் அதை உறைந்த மூலக்கூறு என்றுதான் வாசிப்பார். குளிரூட்டினாலும் இந்தக் குறுகிய புரைக்குள் அது படிகமாவதில்லை, கண்ணாடி போல் ஆகிறது. "அடைப்பு" என்று வைத்தாலோ எல்லாருக்கும் இதய அடைப்புதான் நினைவுக்கு வரும்.

ஆகவே என் தேர்வு "புரைதங்கு மூலக்கூறு". மருந்து உள்ளே தங்குகிறது, உடலுக்குள் போனதும் வெளியேறுகிறது. "புரை"க்கும் "தங்கு"வுக்கும் நடுவே ஒற்று மிகாது, இலக்கணம் காட்டும் "வரைபாய்தல்" (மலையில் பாய்தல்) போலத்தான். எம்.சி.எம்-41இன் புரைகள் அறுகோணமாகத் தேனடை போல அடுக்கியவை. தேனீப் பெட்டி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அடையைக் காட்டியே விளக்கிவிடலாம்.

"கன்ஃபைன்மென்ட்" என்றே எழுதினால்தான் தேர்வுக்கு உதவும் என்ற தம்பியின் கவலை எனக்கும் உண்டு. அதைத் தமிழ் எழுத்தில் ஒருமுறை பக்கத்திலேயே போட்டுவிடுகிறேன். இதுவரை நான்கு பேர் "தங்கு" பக்கம். ஐயா இன்னும் "சிறை"யை விடவில்லை. திங்கள் இரவுக்குள் வேறு நல்ல சொல் வந்தால் மாற்றிக்கொள்கிறேன்.